ஒரு டெக்கைப் பிடிக்க

நடராசன் ஆபீஸ் அறைக்குள் நுழைந்ததும் அமிர்தலிங்கம் எழுந்து நின்று கைகூப்பினார். படப்பெட்டியோடு ஊர் ஊராகப் போன காலத்தில் எந்தத் தியேட்டர் முதலாளியும் நடராசனுக்காக எழுந்து நின்றதில்லை. அது அவருக்குப் பிடிக்கவும் செய்தது, கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

"உக்காருங்க. மாட்டுப் பொங்கலும் அதுவுமா உங்கள அலைய விட்டுட்டேன்."

"பரவாயில்லைங்க. நம்ம வேலதானே."

சேந்தங்கரையில் இருந்த ஒரே தியேட்டர் மங்களாம்பிகை தியேட்டர்தான். அமிர்தலிங்கம் தன் தாயார் பெயரில் கட்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் பகல் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. வேடிக்கையான கட்டம் ஒன்றுக்கு எழுந்த சிரிப்பை வைத்தே உள்ளே பாதிகூட ஆளில்லை என்று நடராசனுக்குத் தெரிந்துவிட்டது. பொங்கலுக்கு வந்த புதுப்படத்துக்கு இந்த நிலைமை.

எண்பத்தாறாம் வருஷம் அது. சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வந்திறங்கிய வீடியோ டெக்குகள் கல்யாண வீட்டிலும் காதுகுத்திலும் கோயில் திடலிலும் புதுப்படங்களைப் போட்டுக்கொண்டிருந்தன. நடராசன் படக்கம்பெனி ரெப்பாக, பிரதிநிதியாகப் போய் டிக்கெட் சரிபார்த்த டூரிங் கொட்டகைகள் பல இப்போது நெல் குடோன்கள். விநியோகக் கம்பெனிகளும் தியேட்டர்காரர்களும் சேர்ந்து அவரைத் திருட்டு வீடியோ பிடிக்கும் ஆளாக வைத்துக்கொண்டார்கள். சட்டமும் இறுகியிருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் கூட வந்தால் போதும், வாரண்டு இல்லாமலே டெக்கையும் கேசட்டையும் எடுத்துக்கொள்ளலாம். நிரூபணமானால் ஆறு மாசத்துக்குக் குறையாமல் ஜெயில். நடராசன் அந்த வேலையை நம்பித்தான் செய்தார். திருட்டு என்றால் அது யார் செய்தாலும் திருட்டு என்பது அவர் எண்ணம்.

"நாளைக்குக் காணும் பொங்கல். கோரையடியில டெக்கு போடுறாங்க" என்றார் அமிர்தலிங்கம். "இதே படம். என் சொந்த ஊருல. கீழத்தெருவுல சத்துணவுக் கூடம் இருக்கு, அதுக்குள்ள. பகல்லயே போடுறாங்க. டெக்கு கூத்தாநல்லூர்லேருந்து வருது. அப்துல் மஜீதுன்னு ஒருத்தன் கொண்டாறான்."

வழக்கமாகத் துப்பு இப்படி முழுசாக வராது. ஊர் தெரிந்தால் தெரு தெரியாது, தெரு தெரிந்தால் நேரம் தெரியாது. "இவ்வளவு விவரமா யாருங்க சொன்னது?" என்று கேட்டார் நடராசன்.

"சொந்த ஊரு இல்லீங்களா. காத்து வந்து சொல்லும்." அமிர்தலிங்கம் சிரித்தார். "இன்ஸ்பெக்டர்கிட்ட பேசியாச்சு. நீங்க உள்ள போயி அடையாளம் பாத்துச் சொன்னாப் போதும். மத்தத அவங்க பாத்துக்குவாங்க."

மத்தது என்று என்ன இருக்கிறது என்று நடராசனுக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை ஸ்டேஷனுக்குப் போனபோது வாசலில் போலீஸ் வேனும் அதற்குப் பின்னால் ஒரு காலி லாரியும் நின்றன. லாரியின் பக்கத்தில் லத்தியோடு போலீஸ்காரர்கள் கூட்டமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் வெளி ஸ்டேஷன்காரர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் வைரக்கண்ணு தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வேனின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு டெக்கு எடுக்க எதுக்குங்க சார் லாரி?" என்றார் நடராசன்.

"டி.வி. பெட்டி பெருசுன்னு சொன்னாங்க" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் சிரிக்கவில்லை. "ஏறுங்க."

கோரையடிக்குப் போகும் ரோடு வாய்க்கால் கரையை ஒட்டியே போனது. இரண்டு பக்கமும் சம்பா முற்றித் தலை சாய்ந்து கிடந்தது. சில வயல்களில் பயிர் படுத்தேவிட்டது. கதிர் பழுத்த பழுப்புக்கு இந்நேரம் பாதியாவது அறுத்துக் களத்துக்கு வந்திருக்க வேண்டும். நடராசன் கண் எட்டிய தூரம் பார்த்தார். ஒரு வயலிலும் ஆள் இல்லை. வரப்பில் ஒரு பானைகூட இல்லை. கொக்குகள் மட்டும் இங்குமங்கும் நின்றன.

"அறுப்பு ஆரம்பிக்கலையா?"

"கூலித் தகராறு" என்றார் வேன் டிரைவர். "அறுத்த நெல்லுல கலத்துக்கு இத்தன மரக்கா கூலியா வேணும்னு நிக்கிறாங்க. வெளியாளையும் எறக்க விட மாட்டேங்குறாங்க. நெல்லு கொட்டுது."

இன்ஸ்பெக்டர் டிரைவரைத் திரும்பிப் பார்த்தார். டிரைவர் ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

ஊருக்கு முந்தைய மதகில் புளியமர நிழலில் மூன்று லாரிகள் நின்றன. அவற்றைச் சுற்றி ஆண்களும் பெண்களுமாக நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். சோற்றுப் பானைகள் இருந்தன. இடுப்பிலும் மடியிலும் அரிவாள்கள் இருந்தன. வேன் கடந்தபோது ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கல்யாணத்துக்கு வந்துவிட்டு முகூர்த்த நேரத்துக்குக் காத்திருப்பவர்களைப் போலச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். லாரிகளுக்கு அப்பால் ஒரு வெள்ளை அம்பாசிடர் கார் நிற்பதையும் நடராசன் பார்த்தார். அது அமிர்தலிங்கத்தின் கார் என்று அவருக்குத் தெரியும்.

வேனை அங்கேயே நிறுத்திவிட்டு இன்ஸ்பெக்டர் சொன்னார்: "நீங்க முன்னாடி நடந்து போங்க. படத்தப் பாத்து உறுதி பண்ணிட்டு வெளிய வந்து கைக்குட்டைய ஒதறுங்க. நாங்க வந்துடுவோம்."

இது வழக்கமான முறைதான். சட்டப்படி அவர் கண்ணால் பார்த்தாக வேண்டும். நடராசன் செருப்பில் மண் ஏற ஒற்றையாக நடந்தார்.

கூடத்தின் சன்னல்களைச் சாக்கால் மறைத்திருந்தார்கள். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளிருந்து வசனம் கரகரவென்று கேட்டது. வாசல்நிலையில் சாய்ந்து நின்ற ஒருவர் படத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும், தோளில் சிவப்புத் துண்டு. அவர்தான் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் இராஜாங்கம் என்று பிறகு தெரிந்தது.

"யாருங்க?"

"மஜீதுக்குத் தெரிஞ்சவன். டெக்கு சரியா ஓடுதான்னு பாக்க வந்தேன்."

பொய் எளிதாக வந்தது. எத்தனையோ கல்யாண வீட்டில் சொன்ன பொய்தான். இராஜாங்கம் ஒதுங்கி வழிவிட்டார்.

உள்ளே இருட்டில் தெருவே உட்கார்ந்திருந்தது. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், பிள்ளைகள் டி.வி.க்குக் கீழே. ஒரு பெண் நகர்ந்து அவருக்கு இடம் கொடுத்தாள். "உக்காருங்க தம்பி. ராசம்மா வூட்டுக் கரும்பு, இந்தாங்க" என்று ஒரு துண்டை நீட்டினாள். தன் பேரையே அப்படிச் சொல்லிச் சொல்லி எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள். நடராசன் வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்றால் சந்தேகப்படுவார்கள்.

படத்தில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. எங்கோ ஒரு தியேட்டரில் காமிராவை வைத்து எடுத்த நகல். கீழே ஓரத்தில் ஒரு தலை அசைந்தது. யாரோ எழுந்து போனார்கள். முகங்கள் பச்சையாக இருந்தன. தான் பெட்டியோடு காவல் இருந்து பாதுகாத்த படங்களை நினைத்தபோது நடராசனுக்கு எப்போதும் வரும் கோபம் வந்தது.

"நல்லாத் தெரியல, இருந்தாலும் பரவாயில்ல" என்றாள் ராசம்மாள் மெதுவாக. "படத்துக்கா கூட்டினோம்? ஆம்பளைங்க ஒரே எடத்துல இருக்கணும்னுதான். ஆளு கலைஞ்சா ஒத்தையா ரெட்டையா ஆசகாட்டிக் கூட்டிட்டுப் போயி வயல்ல எறக்கிடுவாங்க. நாளைக்குத் தாசில்தார் வர்றாரு பேச. அதுவரைக்கும் ஒருத்தரும் அருவாளத் தொடக் கூடாதுன்னு இருக்கோம்."

நடராசன் கரும்பைக் கடிக்காமல் கையில் வைத்திருந்தார். மதகு நிழலில் உட்கார்ந்திருந்தவர்களின் மடியில் இருந்த அரிவாள்கள் நினைவுக்கு வந்தன. எழுந்து போய் இராஜாங்கத்திடம் ஏதாவது சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தார். என்ன சொல்வது? தானே போலீஸோடு வந்தவன். டெக்கு ஓடுவது உண்மை, கேசட் திருட்டு என்பதும் உண்மை. தன் வேலை அவ்வளவுதான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு வெளியே வந்தார். இராஜாங்கம் மறுபடி வழிவிட்டார். களத்துமேட்டைத் தாண்டிப் போய்க் கைக்குட்டையை உதறினார்.

வேன் வந்த வேகத்தில் கோழிகள் சிதறின. போலீஸ்காரர்கள் இறங்கி ஓடிவந்து கூடத்தின் வாசலையும் பின்பக்கத்தையும் அடைத்தார்கள். டெக்கை நோக்கி ஒருவரும் போகவில்லை. லாரியிலிருந்து போலீஸ்காரர்களோடு வேட்டி கட்டிய ஒருவரும் இறங்கினார். அமிர்தலிங்கத்தின் பண்ணைக் காரியக்காரர் சிங்காரவேலு. தியேட்டர் கணக்கும் அவர்தான் பார்ப்பார் என்பதால் நடராசனுக்குத் தெரிந்த முகம்.

ஆண்களை ஒவ்வொருவராக வெளியே வரச் சொன்னார்கள். சிங்காரவேலு வாசலுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சிலர் வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிலர் வந்தபோது மோவாயை லேசாகத் தூக்கினார். அவர் மோவாயைத் தூக்கியவர்கள் எல்லாம் லாரியில் ஏற்றப்பட்டார்கள்.

"படம் பாத்ததுக்காங்க பிடிக்கிறீங்க?" என்றார் இராஜாங்கம். அவர் குரலை உயர்த்தவில்லை. ஒரு போலீஸ்காரர் லத்தியை அவர் தோளில் இறக்கினார். எலும்பில் பட்ட சத்தம் கேட்டது. பெண்கள் கூச்சலிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். உள்ளே படம் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

நடராசன் இன்ஸ்பெக்டரிடம் ஓடினார். "சார், பாத்தவங்க மேல கேஸ் கெடையாது. போட்டவன் மேலதான். டெக்கும் கேசட்டும் எடுத்தாப் போதும்."

"அப்ப போயி எடுங்க" என்றார் வைரக்கண்ணு. "உங்க வேலை அதுதானே."

கடைசியில் கூடத்துக்குள் போய் டெக்கிலிருந்து கேசட்டை வெளியே எடுத்தவர் நடராசன்தான். திரை வெள்ளையாகி இரைந்தது. மீசை சரியாக முளைக்காத மஜீது மூலையில் ஒண்டி நின்றான். ராசம்மாள் அவனுக்கு முன்னால் நின்றுகொண்டு நடராசனையே பார்த்தாள். அவர் கையில் கேசட் இருந்தது. மற்றொரு கையில் அவள் கொடுத்த கரும்பு இன்னும் இருப்பதை அப்போதுதான் அவர் கவனித்தார்.

மஜீதையும் ஏற்றிக்கொண்டு லாரி நிறைந்து புறப்பட்டது. ஊர் எல்லையில் எதிரே வந்த மூன்று லாரிகளுக்காக வேன் ஒதுங்கி நின்று வழிவிட்டது. அரிவாள்காரர்கள் நின்றபடியே ஊருக்குள் போனார்கள்.

ஸ்டேஷனில் எழுத்தர் புகாரை முன்னமே எழுதி வைத்திருந்தார். நடராசன் நின்றுகொண்டே படித்தார். கேசட், டெக்கு, மஜீது எல்லாம் சரியாக இருந்தன. அதற்குப் பின்னால், இராஜாங்கமும் மற்றவர்களும் சேர்ந்து சட்டவிரோதமாகக் கூடிப் படத்தைக் காட்டினார்கள் என்றும், தட்டிக்கேட்ட நடராசனை அரிவாளால் வெட்ட வந்து, கட்டையால் அடித்தார்கள் என்றும் இருந்தது.

"என்னை யாரும் அடிக்கலீங்களே."

"அடிச்சிருப்பாங்க. நாங்க வந்ததால தப்பிச்சீங்க" என்றார் வைரக்கண்ணு.

"கரும்பு குடுத்தாங்க சார்."

எழுத்தர் சிரித்துவிட்டார். இன்ஸ்பெக்டர் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"டெக்கு சம்பந்தமா நான் தனியா எழுதித் தர்றேன்" என்றார் நடராசன். "பாத்ததை எழுதுறேன். இதுல கையெழுத்துப் போட முடியாது."

அமிர்தலிங்கம் அப்போதுதான் உள்ளே வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். கோபப்படவில்லை. நடராசனைத் தோளில் தட்டி வெளித் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார்.

"நீங்க நியாயமான ஆளு. எனக்குத் தெரியும். உங்க படத்தத் திருடினவனத்தானே நான் பிடிச்சுக் குடுத்தேன்? இல்லேன்னு சொல்லுங்க பாப்போம்."

"திருட்டுதாங்க. ஆனா லாரியில இருக்கவங்க திருடல."

"என் வயல்ல நெல்லு கொட்டிக் கெடக்கு. அதுவும் திருட்டுதான். அதுக்குத்தான் சட்டம் இல்லாமப் போச்சு." அவர் வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். "இன்னும் எத்தனை ஊருக்குப் போகணும் நீங்க. பொழுதனைக்கும் தனியாத்தானே போறீங்க. நாலு பேரு தயவு வேண்டாமா?"

அமிர்தலிங்கம் உள்ளே போய்ப் புகாரில் தானே கையெழுத்துப் போட்டார். படத்தைத் தியேட்டரில் ஓட்டுகிறவர் அவர். புகார் கொடுக்க அவருக்கும் உரிமை இருந்தது. "சரி நடராசன், நீங்க கெளம்புங்க" என்றார் இன்ஸ்பெக்டர் இயல்பாக. அவ்வளவு சுலபமாக விடுவார்கள் என்று நடராசன் எதிர்பார்க்கவில்லை.

சேந்தங்கரையில் அவர் தங்கியிருந்த லாட்ஜில் அவர் பை வாசலில் வைக்கப்பட்டிருந்தது. "ரூம் வேற பார்ட்டிக்குச் சொல்லியாச்சுங்க" என்றார் மேனேஜர், முகத்தைப் பார்க்காமல். நடராசன் திருத்துறைப்பூண்டிக்குப் போய் ஓர் அறை எடுத்தார். தஞ்சாவூருக்குப் போய்விடலாம். வீட்டில் மனைவி அகிலாண்டம் காத்திருப்பாள். போக மனம் வரவில்லை. தான் உதறிய கைக்குட்டை சட்டைப்பையில் இருந்தது.

மறுநாள் காலை கோரையடிக்குப் பஸ் ஏறினார். ரோட்டிலிருந்தே தெரிந்தது. வயல் முழுக்க ஆட்கள். கதிர்க்கட்டுகள் வரிசையாகக் களத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. வரப்புகளில் போலீஸ்காரர்கள் குடை பிடித்து நின்றார்கள். கீழத்தெருப் பெண்கள் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாசில்தார் வரவில்லை.

ராசம்மாள் அவரைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை.

"இப்ப எதை எடுக்க வந்த?"

"கோர்ட்டுல வந்து உண்மையைச் சொல்றேன். என்னை யாரும் அடிக்கலன்னு சொல்றேன்."

"நேத்திக்கும் இப்படித்தான் பக்கத்துல வந்து ஒக்காந்த."

அவள் வயலைப் பார்த்தபடியே இருந்தாள். பிறகு சொன்னாள்: "கோர்ட்டுக்கே இன்னும் கொண்டு போகல. எங்க வச்சிருக்காங்கன்னும் தெரியல. ஸ்டேஷன்ல போயி கேட்டா அப்படி யாரையும் பிடிக்கலங்குறாங்க. இராஜாங்கத்துக்குத் தோளு எறங்கிப் போச்சுன்னு பாத்தவங்க சொன்னாங்க. அதுல எதுனாச்சும் உன்னால ஆகுமா?"

அன்றும் அதற்கடுத்த நாட்களும் நடராசன் சேந்தங்கரைக் கோர்ட் வாசலில் போய் நின்றார். பொங்கல் விடுமுறை என்றார்கள். மாஜிஸ்திரேட் ஊரில் இல்லை என்றார்கள். கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் சிங்காரவேலு தினமும் உட்கார்ந்திருந்தார். நடராசனைப் பார்த்தால் வணக்கம் சொல்வார். ஒருநாள் நடராசன் குடித்த டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

ஊருக்கு வெளியே தோப்பில் இருந்த ஒரு ரைஸ்மில் குடோனில்தான் எல்லாரையும் வைத்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. கோரையடியில் கடைசி வயலும் அறுத்து முடிந்த பிறகு, திங்கட்கிழமை, முந்தின நாள் மாலை பிடித்ததாகச் சொல்லிக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இராஜாங்கம் கையைத் துண்டால் கழுத்தில் கட்டியிருந்தார். தாழ்வாரத்தில் கீழத்தெருப் பெண்கள் நின்றார்கள். கொஞ்சம் தள்ளி, முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு மஜீதின் தாயார் ஜன்னத் பீவி சோற்றுத் தூக்கோடு நின்றாள்.

இன்ஸ்பெக்டர் சொல்ல வேண்டியதைச் சொன்னார். படக்கம்பெனிப் பிரதிநிதியைத் தாக்கினார்கள் என்று வந்தபோது நடராசன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார்.

"ஐயா, அடி வாங்கினதா இவர் சொல்ற ஆளு நான்தாங்க."

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றினார். "உங்களை யார் கூப்பிட்டது?"

"யாரும் கூப்பிடலீங்க. அதான் நானே வந்தேன்."

மாஜிஸ்திரேட் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "சொல்லுங்க" என்றார்.

நடராசன் சொன்னார். காணும் பொங்கலன்று பகலில் தான் உள்ளே போனது, உட்கார்ந்தது, வெளியே வந்து சைகை காட்டியது. போலீஸ் டெக்கைத் தேடாமல் ஆளைத் தேடியது. சிங்காரவேலு மோவாயால் காட்டியது. இராஜாங்கம் கேட்ட ஒரே ஒரு கேள்வி, அதற்கு விழுந்த அடி. மதகில் காத்திருந்த லாரிகள். அமிர்தலிங்கம் கடைசி பெஞ்சில் கால்மேல் கால் போட்டு, தூரத்து உறவினர் பேசுவதைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கேசட்?" என்றார் மாஜிஸ்திரேட். "அது திருட்டுக் கேசட்தானா?"

மஜீது அவரைப் பார்த்தான். தாழ்வாரத்திலிருந்து ஜன்னத் பீவியும் பார்த்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் கேஸே இல்லாமல் போகும். ஆனால் கேசட்டை யார் பார்த்தாலும் தெரியும். ஒரு பொய் வெளிப்பட்டால் சொன்ன உண்மை எல்லாம் அதோடு போய்விடும்.

"ஆமாங்க. திருட்டுக் கேசட்தான்."

ஆட்களைச் சொந்த ஜாமீனில் விட்டார்கள். கேஸ் நிற்கும், விசாரணைக்கு வர வேண்டும் என்றார்கள். மஜீதை மட்டும் ரிமாண்டுக்கு அனுப்பினார்கள். அவனை வேனில் ஏற்றும்போது ஜன்னத் பீவி நடராசனிடம் வந்தாள்.

"அதே படம் மூணு கல்யாணத்துல ஓடுச்சுங்க, பெரிய ஊட்டுக் கல்யாணம்" என்றாள். "அங்கெல்லாம் நீங்க வரலையே."

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நடராசன் தலையைக் குனிந்துகொண்டார். அந்த வீடுகளைப் பற்றி அவருக்கு யாரும் துப்புச் சொன்னதில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. எதிரே மருந்துக்கடை ஓரமாக வெள்ளை அம்பாசிடர் வந்து நின்றது. சிங்காரவேலுவும் இன்னும் மூன்று பேரும் உள்ளே இருந்தார்கள். யாரும் இறங்கவில்லை. சிங்காரவேலு கண்ணாடியை இறக்கி, "தஞ்சாவூருதானே? வண்டி அந்தப் பக்கம்தான் போவுது, வாங்க" என்றார்.

"பஸ்ஸுல போய்க்கிறேங்க."

"பஸ்ஸு வந்தாப் போங்க."

கார் அங்கேயே நின்றது. கோரையடிக்குப் போகும் டவுன் பஸ், கடைசி பஸ், வந்தது. விடுதலையானவர்களும் பெண்களும் ஏறத் தொடங்கினார்கள். ராசம்மாள் படிக்கட்டில் ஒரு காலை வைத்தவள் காரைப் பார்த்தாள், நடராசனைப் பார்த்தாள். காலை எடுத்துக் கீழே வைத்தாள்.

"எறங்குங்க எல்லாரும். நடந்து போவோம்."

பஸ் காலியாகப் போயிற்று. அவர்கள் நடராசனைச் சுற்றி நின்றார்கள். யாரும் அவரோடு பேசவில்லை. இராஜாங்கம் மட்டும் ஒரு சிமெண்ட் பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"எனக்காக நீங்க பஸ்ஸ விட வேண்டாம்மா" என்றார் நடராசன்.

"ஒனக்காக இல்ல" என்றாள் ராசம்மாள். "விசாரணைக்கு நீ வந்து சொல்லணும். அதுக்கு நீ உசுரோட இருக்கணும்."

மன்னார்குடி பஸ் வந்ததும் ஐயாவு, சாமிதுரை என்ற இருவரை அவள் அவரோடு ஏற்றிவிட்டாள். இருவரும் அன்று ரிமாண்டுக்குத் தப்பியவர்கள், வாட்டசாட்டமானவர்கள். "தஞ்சாவூருல வூட்டுல கொண்டு விட்டுட்டு வாங்க. டிக்கெட்ட நீயே எடுத்துடு" என்றாள் நடராசனிடம்.

பஸ் ஊரைத் தாண்டியதும் பின்னால் காரின் விளக்குகள் தெரிந்தன. பஸ் நின்ற இடத்தில் எல்லாம் நின்றது. ஐயாவு பின்சீட்டில் மண்டியிட்டுக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு ஒரு வளைவில் கார் வேகம் குறைந்தது. ரோட்டில் குறுக்கே ஒடித்துத் திரும்பி, வந்த வழியே போனது.

"போயிட்டாங்க" என்றார் நடராசன். அவருக்கு மூச்சு வந்தது.

ஐயாவு சாமிதுரையைப் பார்த்தார். "எங்க போறாங்க?"

"அந்தப் பக்கம் ஊருதானே இருக்கு" என்றார் சாமிதுரை. சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மாறியது. "நம்ம சனம் ரோட்டுலல்ல நடந்து போய்க்கிட்டிருக்கும்."

ஐயாவு எழுந்து கண்டக்டரிடம் ஓடினார். பஸ் நின்றது. இருவரும் குதித்தார்கள். நடராசன் பையை எடுத்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் இறங்கினார்.

"நீங்க எங்க வர்றீங்க? போங்க" என்றார் ஐயாவு.

"நானும் வர்றேன்."

கெஞ்சிக் கேட்டு ஒரு வைக்கோல் லாரியில் தொற்றிக்கொண்டார்கள். சேந்தங்கரையைத் தாண்டி, கோரையடி ரோட்டில் வாய்க்கால் பக்கம் திரும்பியதும் தூரத்தில் வெளிச்சம் தெரிந்தது. லாரியை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினார்கள்.

ரோடு முழுக்க அடைத்துக்கொண்டு சனங்கள் நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், நடக்கிற வேகத்திலேயே, கார் ஊர்ந்துகொண்டிருந்தது. விளக்கு இரண்டின் வெளிச்சமும் அவர்கள் முதுகில் அடித்தது. அவர்கள் நின்றால் காரும் நின்றது. யாரும் இறங்கவில்லை, ஹாரன் அடிக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. மூவரும் காரைத் தாண்டிக் கூட்டத்துக்குள் நுழைந்தார்கள். ராசம்மாள் நடராசனைப் பார்த்தாள். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை.

"வெளிச்சம் காட்டிக்கிட்டு வர்றாங்க" என்றாள். "திரும்பிப் பாக்காம நட."

இரு பக்கமும் அறுத்த தாள் வெளேரென்று கிடந்தது. ஒரு பிள்ளை அழுதது, யாரோ தூக்கிக்கொண்டார்கள். ஊர் வந்ததும் கார் களத்துமேட்டில் ஏறி, கீழத்தெருவைப் பார்த்து நின்றது. விளக்கை அணைக்கவில்லை. அன்றிரவு தெருவில் ஒருவரும் வீட்டுக்குள் படுக்கவில்லை. தீப் பிடிக்காமலிருக்கக் கூரைகளுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு எல்லாரும் வெட்டவெளியில் உட்கார்ந்திருந்தார்கள். நடராசனும் அவர்களோடு உட்கார்ந்திருந்தார். விடிந்ததும் கார் போயிற்று. தெருவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சித்திரையில் விசாரணை வந்தது. நடராசன் போய்ச் சொன்னதையே மறுபடி சொன்னார். இராஜாங்கத்தின் மேலும் மற்றவர்கள் மேலும் போட்ட கேஸ் தள்ளுபடி ஆனது. மஜீதுக்கு ஆறு மாசம் கிடைத்தது. அதற்கு முன்பே கம்பெனிகள் நடராசனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டிருந்தன. இராஜாங்கத்தின் வலது கை தோளுக்கு மேல் எழவில்லை.

குறுவை முற்றியபோது கீழத்தெருவில் மறுபடி கூலிப் பேச்சு எழுந்தது. அன்று சாயங்காலம் வெள்ளை அம்பாசிடர் களத்துமேட்டில் வந்து நின்று, இருட்டுவதற்கு முன்பே விளக்கைப் போட்டது.